நாகப்பட்டினத்தில் வாங்கிய, முடிச்சு அவிழ்க்கிற கம்பி: எட்டு மாதம் கையில் வைத்திருந்த பிறகு

மன்னார்குடிப் பக்கம் எங்களுக்கு ஒரு டிராக்டர் இருக்கிறது. உழவு இல்லாத நாளில் அதற்கு இன்னொரு வேலை, சேற்றில் மாட்டிய வண்டிகளை இழுத்துக் கரையேற்றுவது. குறுவை அறுப்பும் சம்பா அறுப்பும் வந்துவிட்டால் ராத்திரி பதினொரு மணிக்கும் போன் வரும். நெல் ஏற்றிய மினி லாரி வரப்போரம் இறங்கியிருக்கும், இல்லாவிட்டால் அறுவடை மெஷின் ஈரம் காயாத மூலையில் உட்கார்ந்திருக்கும். இந்த வேலையில் சேறு கூட என்னை அவ்வளவு படுத்தியதில்லை. முடிச்சுதான் படுத்தியது.

போன தை மாதம் நடந்ததைச் சொன்னால்தான் இந்தக் கம்பியை நான் ஏன் இவ்வளவு மெச்சுகிறேன் என்று புரியும். நாற்பது கிலோ மூட்டைகளை அடுக்கிய ஒரு லாரி, பின்சக்கரம் அச்சு வரை புதைந்து நின்றது. வண்டி இழுக்கிற பெல்ட், அதாவது நெய்த பட்டை, ஒன்று எட்டவில்லை. உதவிக்கு வந்த பையன் அவசரத்தில் இரண்டு பெல்ட்டின் நுனியையும் ஒன்றாகச் சேர்த்துச் சாதாரண முடிச்சாகப் போட்டுவிட்டான். இருட்டில் நான் கவனிக்கவில்லை. லாரி வெளியே வந்தது, எல்லோரும் வீட்டுக்குப் போனோம். காலையில் பார்த்தால் மூன்று அங்குல அகலப் பட்டை இரண்டும் விளாங்காய் அளவுக்குச் சுருண்டு கல்லாகக் கிடந்தன. ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பினேன். முடிச்சு அசையவில்லை, பட்டையின் ஓர நூல்தான் அறுந்தது. கடைசியில் அரிவாளால் அறுத்தேன். இரண்டிலும் ஒன்றரை அடி போனது, ஒரு பக்கக் காதும், அதாவது நுனியை மடக்கித் தைத்த வளையமும், போனது. காது போன பெல்ட்டை வண்டி இழுக்க நம்ப முடியாது. தையல் போட்டுத் தருகிறேன் என்று ஊரில் ஒருவர் சொன்னார், நான் சம்மதிக்கவில்லை. பாரம் தாங்குகிற தையல் வேறு, பை தைக்கிற தையல் வேறு.

மாசியில் நாகப்பட்டினம் போயிருந்தபோது துறைமுகத்துப் பக்கம் கயிறும் வலையும் விற்கிற ஒரு கடையில் நுழைந்தேன். புது பெல்ட் விலை கேட்கத்தான் போனேன். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் முப்புரிக் கயிற்றின் புரிகளைப் பிரித்து, நுனியை மடக்கி, கயிற்றுக்குள்ளேயே ஒவ்வொரு புரியாகச் சொருகிக் கண்ணி செய்துகொண்டிருந்தார். புரிகளை விலக்க அவர் கையில் ஒரு கூர்க்கம்பி. கப்பல்காரர்கள் இதை மார்லின் ஸ்பைக் என்பார்கள். என் பெல்ட் கதையைச் சொன்னேன்.

"இறுகின முடிச்ச இழுத்தா இன்னும்தான் இறுகும் தம்பி. தள்ளணும். தள்ளுறதுக்கு இது வழி விடும், அவ்வளவுதான்" என்றார்.

எட்டு அங்குலம், துருப்பிடிக்காத எஃகு, தலைப்பக்கம் என் கட்டைவிரல் பருமன், நுனிவரை சீராக மெலிந்து வருகிறது. தலையில் கயிறு கட்ட ஒரு வளையம். 260 ரூபாய். அன்றைக்கே வாங்கிவிட்டேன்.

சரி, வேலைக்கு எப்படி இருக்கிறது என்று சொல்கிறேன். புரட்டாசியில் குறுவை அறுப்பின்போது மறுபடி ஒரு பெல்ட் முடிச்சு விழுந்தது. இந்த முறை பொறுமையாக உட்கார்ந்தேன். முதலில் வாய்க்காலில் போட்டு அலசினேன், ஏனென்றால் மடிப்புக்குள் மணல் இருந்தால் நாம் அசைக்கிற ஒவ்வொரு அசைவுக்கும் அது நூலை அறுக்கும். அப்புறம் துணி துவைக்கிற கல்லில் வைத்து, கொட்டாப்புளியால், அதாவது மரச் சுத்தியலால், சுற்றிலும் தட்டினேன். ஓங்கி அடிக்கவில்லை. திருப்பித் திருப்பி, நாலு பக்கமும், மாவு பிசைந்த உருண்டையைத் தட்டுவது போல. ஐந்து நிமிடத்தில் கல்லாக இருந்தது கட்டி ரப்பர் மாதிரி ஆனது. அதற்குப் பிறகுதான் கம்பியை எடுத்தேன்.

எந்த முடிச்சிலும் மேலே குறுக்காகப் படுத்திருக்கிற ஒரு வளைவு இருக்கும். மற்ற எல்லாவற்றையும் அமுக்கிப் பிடித்திருப்பது அதுதான். கம்பியின் நுனியை அந்த வளைவுக்கு அடியில், பட்டையின் அகலத்துக்குக் குறுக்காக நுழைத்தேன். நெம்பவில்லை. இப்படியும் அப்படியும் திருகிக்கொண்டே உள்ளே விட்டேன். நுனி மெல்லியது, போகப் போகப் பருமன், அதனால் உள்ளே போகிற ஒவ்வொரு நூல் அளவுக்கும் இடைவெளி தானாக அகலுகிறது. பாதிக் கம்பி போனதும் வெளியே நிற்கிற பட்டையை இறுக்கி முறுக்கி, விறைப்பாக்கி, முடிச்சுக்குள் தள்ளினேன். ஒரு சின்ன முனகல் சத்தத்தோடு அரை அங்குலம் உள்ளே போனது. அந்த அரை அங்குலம் போதும். மீதியை விரல்களே பார்த்துக்கொண்டன. பெல்ட்டில் ஒரு நூல்கூட அறவில்லை.

குறையும் உண்டு. வாங்கியபோது நுனி ஊசி போல இருந்தது. கயிற்றுப் புரியை விலக்க அது சரி, நெய்த பட்டைக்கு ஆகாது. முதல் தடவை என் பழைய பெல்ட் துண்டில் சோதித்தபோது ஒரு இழையைக் குத்தி இழுத்துவிட்டது. அரத்தால் நுனியை மொட்டையாக்கி, எமரி பேப்பரால் வழவழப்பாகத் தேய்த்த பிறகுதான் நல்ல பெல்ட்டில் வைத்தேன். தலையில் இருக்கிற வளையமும் பற்றவைத்த இடத்தில் கொஞ்சம் ஆடுகிறது. சின்ன முடிச்சுக்கு இது உதவாது. மாட்டுக் கயிறு, தார்ப்பாய்க் கயிறு என்றால் கோணி ஊசிதான்.

கயிற்றின் சரக்கைப் பார்த்துத்தான் வேலை செய்ய வேண்டும் என்பதையும் இந்த எட்டு மாதத்தில் கற்றுக்கொண்டேன். பாலியஸ்டர் பெல்ட் தண்ணீரில் அவ்வளவாக மாறாது, தாராளமாக நனைக்கலாம். நைலான் தண்ணீரை உறிஞ்சும். தேங்காய் நார்க் கயிறு ஈரத்தில் உப்பி முடிச்சை இன்னும் இறுக்கும். இந்த இரண்டையும் நிழலில் காயவைத்த பிறகே தொடுகிறேன். கடைகளில் நீலத்திலும் பச்சையிலும் விற்கிற பாலிபுரொப்பிலீன் கயிறு தனி ரகம். அது 160 டிகிரியை ஒட்டி உருகிவிடும். பெரிய இழுவையில் முடிச்சுக்குள் உரசுகிற சூட்டிலேயே இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். முடிச்சைத் தொட்டால் பளபளவென்று கண்ணாடி போல இருந்தால் அது ஒட்டிவிட்டது என்று அர்த்தம். அந்தக் கயிற்றை எந்தக் கம்பியாலும் காப்பாற்ற முடியாது, காப்பாற்றினாலும் வண்டி இழுக்கக் கூடாது.

அதே பெரியவர்தான் இன்னொன்றும் சொல்லிக்கொடுத்தார். இரண்டு பெல்ட்டைச் சேர்க்க முடிச்சே வேண்டாம். ஒன்றின் காதுக்குள் மற்றதன் காதை நுழைத்து, அந்தக் காதுக்குள் அதே பெல்ட்டின் மறுமுனையைக் கோத்து இழுத்தால் இரண்டு காதும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். கவ்வுகிற இடத்தின் நடுவில் வாரப் பத்திரிகை இரண்டைச் சுருட்டி வைத்துவிட்டால், வேலை முடிந்ததும் அதை உருவி எடுக்கலாம், அந்த இடைவெளியில் காதுகள் தளர்ந்துவிடும். நான் இப்போது டிராக்டரில் பழைய பத்திரிகைகளை இதற்கென்றே வைத்திருக்கிறேன். முடிச்சு விழுந்த இடத்தில் கயிறு தன் பலத்தில் ஏறக்குறைய பாதியை இழக்கிறது. ஆகவே இது அவிழ்க்கிற சௌகரியத்துக்கு மட்டும் இல்லை, பக்கத்தில் நிற்கிறவர்களின் உயிருக்கும்தான். இரண்டு பெல்ட்டை இரும்புக் கொக்கியால் சேர்ப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. பெல்ட் அறுந்தால் அந்த இரும்பு குண்டு போலப் பறந்து வரும். இழுக்கும்போது பெல்ட்டின் நடுவில் ஒரு ஈரச் சாக்கைப் போடுங்கள், அறுந்தாலும் வீச்சு குறையும். வண்டி பின்னால் வந்து பெல்ட் தொய்கிற வரைக்கும் முடிச்சுப் பக்கம் கையையோ கம்பியையோ கொண்டுபோகாதீர்கள்.

என் கணக்கில் ஐந்துக்கு நாலு. நுனியை நானே தேய்க்க வேண்டியிருந்ததற்கும் வளையம் ஆடுவதற்கும் சேர்த்து ஒன்று குறைத்திருக்கிறேன். வாங்கப் போகிறவர்கள் தங்கள் பெல்ட்டின் ஒரு பழைய துண்டைக் கையோடு எடுத்துப்போய், கடையிலேயே முடிச்சுப் போட்டு நுழைத்துப் பாருங்கள். இழையைக் குத்தினால் வேறு கேளுங்கள், நுனி மழுங்கினதும் இருக்கிறது. வளையத்தில் சிவப்புத் துணி ஒன்றைக் கட்டிவிடுங்கள், ராத்திரி சேற்றில் விழுந்தால் தேடுவதற்கு அது ஒன்றுதான் வழி.