மதுரையில் சாப்பாடு: ஆப் தள்ளுபடியா, மெஸ் இலையா, தெருக்கடையா?

மதுரைக்கு இரண்டு நாள் வருகிறவர்களுக்கு இன்றைக்குச் சாப்பாட்டுக்கு நான்கு வழி இருக்கிறது. ஆப்பில் தள்ளுபடி போட்டிருக்கும் ஏசி உணவகத்திலோ பெரிய ஹோட்டல் பஃபேயிலோ போய் உட்காரலாம். லாட்ஜ் அறையில் இருந்தபடியே கூப்பன் போட்டு வரவழைக்கலாம். மதியம் மெஸ்ஸுக்குப் போகலாம். பொழுது சாய்ந்ததும் தெருவில் இறங்கலாம். முதல் இரண்டிலும் விலை குறைத்துத் தருகிறார்கள், பின்னால் சொன்ன இரண்டிலும் ஒரு ரூபாய்கூடக் குறைக்க மாட்டார்கள். ஆனால் மதுரையில் மட்டும் சாப்பிட வேண்டியது என்று எதையெல்லாம் சொல்கிறோமோ அது அத்தனையும் தள்ளுபடி இல்லாத அந்த இரண்டு இடத்தில்தான் இருக்கிறது. அதனால் எங்கே விலை குறைவு என்று மட்டும் தேடினால் மதுரைக்கு வந்தும் மதுரைச் சாப்பாடு சாப்பிடாமல் திரும்புவீர்கள். தள்ளுபடியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அதற்கும் ஒரு வேளை இருக்கிறது, எந்த வேளை என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் ஆப் வழியாக உட்கார்ந்து சாப்பிடுவது. ஸ்விக்கி டைன்அவுட், டிஸ்ட்ரிக்ட், ஈஸிடைனர் என்று இதற்கே ஆப்கள் இருக்கின்றன, நடைமுறை எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: முன்கூட்டி மேசை பதிவு செய்ய வேண்டும், அல்லது சாப்பிட்டு முடித்தபின் பில்லை அந்த ஆப் வழியாகவே கட்ட வேண்டும். கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தலைக்கு 900 ரூபாய் பஃபே, நான்கு பேர், 25 சதவீதம் தள்ளுபடி என்று வைத்துக்கொள்ளுங்கள். 3,600 ரூபாய் 2,700 ஆகிறது. வரி இன்னும் சேரவில்லை. சாதாரண உணவகம் என்றால் ஜிஎஸ்டி 5 சதவீதம், 2,835-ல் முடிந்துவிடும். அறை வாடகை ஒரு நாளைக்கு 7,500 ரூபாயைத் தாண்டுகிற ஹோட்டலுக்குள் இருக்கும் உணவகம் என்றால் 18 சதவீதம், 3,186 ரூபாய். ஆக, கண்ணுக்குத் தெரிகிற 25 சதவீதம் கைக்கு வரும்போது பட்டியல் விலையில் 12 சதவீதம்கூட மிஞ்சவில்லை. தள்ளுபடி இல்லாமல் போயிருந்தால் 4,248 கொடுத்திருப்பீர்கள் என்பது உண்மைதான், லாபம் இல்லை என்று சொல்ல முடியாது, ஆனால் இந்த 3,186-ஐ மெஸ் பில்லோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பில்லில் பார்க்க வேண்டியவை இன்னும் இரண்டு. சர்வீஸ் சார்ஜ் என்று தனியாக ஒரு தொகை போட்டிருந்தால் அதைக் கட்டியே ஆக வேண்டும் என்பதில்லை. பில்லில் அதைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் கொடுத்தது, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. எடுத்துவிடச் சொன்னால் எடுப்பார்கள், சத்தம் போடத் தேவையில்லை. தண்ணீர் பாட்டில் கதை வேறு. உணவகத்தில் பாட்டில் மேல் அச்சடித்த விலைக்கு மேல் வாங்கலாம் என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது, தள்ளுபடியும் பெரும்பாலும் பாட்டில் தண்ணீருக்குக் கிடையாது, அதனால் சாதாரணத் தண்ணீர் கேளுங்கள்.

சரி, அந்தப் பணத்துக்குத் தட்டில் என்ன விழுகிறது? பனீர் பட்டர் மசாலா, கோபி மஞ்சூரியன், நூடுல்ஸ், ஒரு பிரியாணி, ஓரமாகச் செட்டிநாட்டுப் பெயரில் ஒரு கோழிக் குழம்பு, நாலைந்து குட்டி கேக். எல்லா ஊரிலிருந்து வருகிறவர்களுக்கும் ஒத்துவர வேண்டும் என்று காரத்தைக் குறைத்து வைத்திருப்பார்கள். இதே தட்டு கோவையிலும் பெங்களூரிலும் கிடைக்கும். ஆனால் சித்திரை வெயிலில் காலையெல்லாம் கோயிலிலும் மகாலிலும் நடந்த அப்பா அம்மாவுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் இரண்டு மணி நேரம் குளிர்ச்சியாக உட்கார ஒரு இடம் வேண்டும், சுத்தமான கழிப்பறை வேண்டும், காரம் இல்லாமல் ஏதாவது வேண்டும். அதற்கு இந்த ஆஃபரை நான் மனதாரச் சிபாரிசு செய்வேன். வார நாளில் போங்கள், ஞாயிறு மதியம் சதவீதம் இறங்கிவிடும். உட்காரும் முன்பே, "அண்ணே, இந்த ஆஃபர் இன்னைக்கு ஓடுதா, பஃபேக்கும் உண்டா, காம்போவுக்கும் உண்டா?" என்று கேட்டுவிடுங்கள். ஆப்பில் ஓடுகிற ஆஃபரை, சாப்பிட்டு முடித்தபின் 'அது மெனு கார்டு அயிட்டத்துக்கு மட்டும்தான்' என்று ஒரு இடத்தில் எங்களிடம் சொல்லியிருக்கிறார்கள், அப்போது வாதம் பண்ணி ஒன்றும் ஆகவில்லை.

அறைக்கே வரவழைப்பதுதான் நான்கில் கடைசி என்பேன். 50 சதவீதம் என்று பெரிதாக எழுதி, கீழே 'அதிகபட்சம் 100 ரூபாய்' என்று போட்டிருப்பார்கள். 600 ரூபாய்க்கு ஆர்டர் போட்டால் அது ஆறில் ஒரு பங்குதான். அதன் மேல் பேக்கிங், டெலிவரி, பிளாட்ஃபார்ம் கட்டணம், வரி என்று ஏறும், அப்புறம் பல கடைகள் ஆப் விலையையே கடை விலைக்கு மேலேதான் வைத்திருக்கின்றன. இதைவிடப் பெரிய குறை, மதுரைப் பதார்த்தத்தில் பாதி பார்சலைத் தாங்காது. கறிதோசை பெட்டிக்குள் அடைபட்டு வியர்த்து, பிரிக்கும்போது கறி தனியாகத் தோசை தனியாகக் கழன்று வரும். பன் பரோட்டா மொறுமொறுப்பை இழந்து ரப்பராகிவிடும். ஜிகர்தண்டா வந்து சேரும்போது வெறும் இனிப்புப் பால். தாங்குவது பிரியாணியும் பொடி இட்லியும்தான். ராத்திரி பதினோரு மணிக்கு வந்து இறங்கி, எழுந்து நடக்கத் தெம்பில்லை என்றால் ஒரு பிரியாணி வரவழைத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் இதை நம்ப வேண்டாம்.

இப்போது மெஸ். வெளியூர்க்காரர்கள் "மெஸ்ஸில் பில் எகிறுகிறது, ஆஃபரும் கிடையாது" என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன், அதில் பாதி உண்மை. ஏன் எகிறுகிறது என்று பாருங்கள். இலையில் உட்கார்ந்ததும் சோறு வருவதற்கு முன்னால் ஒரு பெரிய தட்டில் சின்னச் சின்னக் கிண்ணமாக அடுக்கி எடுத்து வருவார்கள்: மட்டன் சுக்கா, கோலா உருண்டை, குடல், ஈரல், மூளை, நண்டு, விரால் வறுவல், காடை. எல்லாமே கண்ணைப் பறிக்கும். எதிலும் விலை எழுதியிருக்காது. நான்கு பேர் ஆளுக்கு இரண்டு கை காட்டினால் சாப்பாட்டு விலையைப் போல நாலு மடங்கு சைடிஷுக்கே போய்விடும். விலையைக் கேட்டுவிட்டு எடுங்கள், கேட்டால் யாரும் முகம் சுளிப்பதில்லை.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மெஸ்ஸில் உண்மையான ஆஃபர் அந்தச் சாப்பாட்டு விலைக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. வெள்ளைச் சோற்றுக்கு மட்டன் குழம்பு, கோழிக் குழம்பு, மீன் குழம்பு, சில இடத்தில் நண்டுக் குழம்பும் இறால் குழம்பும், அதற்குமேல் ரசம், மோர் என்று வரிசையாக வரும், கேட்கக் கேட்க ஊற்றுவார்கள், அதற்குத் தனிக் காசு கிடையாது. ஒவ்வொரு குழம்புக்கும் கொஞ்சம் கொஞ்சமாகச் சோறு பிசைந்து சாப்பிட்டால் ஒரே விலையில் இந்த ஊர் மசாலா முழுவதையும் ருசி பார்த்துவிடலாம். நான்கு பேருக்கு நான்கு சாப்பாடு, நடுவில் பகிர ஒரு சுக்கா, ஒரு கோலா உருண்டை, இஷ்டப்பட்டால் ஒரு வறுவல் மீன். இப்படி எடுத்தால் மேலே சொன்ன தள்ளுபடி பஃபே பில்லில் பாதிக்குக் கொஞ்சம் முன்பின்னாகத்தான் வரும், சாப்பிட்டதும் மதுரைச் சாப்பாடாக இருக்கும். குமார் மெஸ், அம்மா மெஸ், சந்திரன் மெஸ் என்று பெயர் பெற்றவை இருக்கின்றன, பெயர் அதிகம் வெளியே தெரியாத தெருமுனை மெஸ்களும் இருக்கின்றன, சின்னதில் விலை கம்மி, வகையும் கம்மி. சின்ன மெஸ் சில, சிறு வியாபாரிகளுக்கான காம்போசிஷன் என்கிற எளிய ஜிஎஸ்டி முறையில் வரி கட்டுபவை, அவர்கள் உங்களிடம் ஜிஎஸ்டி வசூலிக்கவே கூடாது, அந்த 5 சதவீதமும் மிச்சம்.

அயிரை மீன் குழம்பைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். விரல் நீளம்கூட இல்லாத கண்மாய் மீன். உயிரோடு வாங்கி, பாலில் விட்டு மண்ணைக் கக்க வைத்து, முழுசாகப் புளிக் குழம்பில் போடுவார்கள். வரத்தும் குறைவு, கழுவுகிற வேலையும் அதிகம், அதனால் ஒரு கிண்ணம் விலை உங்களைத் திடுக்கிட வைக்கும். எந்த ஆப்பிலும் அதற்கு ஆஃபர் வராது. ஆனாலும் ஒரு கிண்ணம் வாங்கி நான்கு பேர் பகிர்ந்துகொள்ளுங்கள், பஃபேயில் மிச்சம் பிடித்த காசை இதற்குப் போடலாம், இதைவிட நல்ல செலவு இந்த ஊரில் இல்லை. கோலா உருண்டையும் அயிரையும் சீக்கிரம் தீர்ந்துபோகும், பன்னிரண்டரை மணிக்கே இலையில் உட்கார்ந்துவிடுவது நல்லது. மூன்று மணிக்குப் போய் மிச்சம் இருந்ததைச் சாப்பிட்டுவிட்டு மெஸ் சுமார் என்று சொல்வது நியாயம் ஆகாது.

தெரு வேறு கணக்கு. அங்கே ஒவ்வொன்றும் நேரத்தோடு கட்டுப்பட்டது. விடிகாலையில் தள்ளுவண்டியில் பருத்திப்பால்: ஊறவைத்து அரைத்த பருத்திக்கொட்டைப் பாலில் வெல்லமோ கருப்பட்டியோ போட்டு, சுக்கும் ஏலமும் சேர்த்துக் காய்ச்சியது, சளி பிடித்தவர்களுக்கு மருந்து மாதிரி. வெயில் ஏறியதும் விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா, சுண்டக் காய்ச்சிய பால், பாதாம் பிசின் அல்லது கடல்பாசி, நன்னாரி சர்பத், மேலே ஐஸ்கிரீம். முதல் தடவை என்றால் சின்ன டம்ளரே போதும், ஸ்பெஷல் குடித்தால் அடுத்த வேளை பசிக்காது. மாலையில் கோயிலைச் சுற்றி வந்தால் மேலச் சித்திரை வீதி கோபு ஐயங்கார் கடை வெள்ளையப்பம், இது அசைவம் தொடாதவர்களுக்கு இந்த ஊர் தருகிற நல்ல பதில், காரச் சட்னியோடு. பொழுது சாய்ந்தால் சிம்மக்கல் பக்கம் கறிதோசை. கனமான தோசை, மேலே முட்டை, அதன் மேல் மட்டன் கறி, திருப்பிப் போட்டு அழுத்தி எண்ணெய் விட்டு எடுப்பார்கள். இரண்டு பேருக்கு ஒன்று தாராளம். பகிர்ந்துகொள்வதுதான் தெருவில் தள்ளுபடி, ஒரே சாயங்காலத்தில் நாலு கடை ஏறலாம். சைவக் குடும்பம் என்றால் என் ஒப்பீட்டில் மெஸ்ஸுக்குப் பதில் இந்த டிபன் கடைகளும் இட்லிக் கடைகளும்தான். பஃபேயில் சைவத்துக்குக் கொடுக்கிற காசு வீண்.

தள்ளுபடி எப்போது கனமாக வரும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். புரட்டாசியில் ஊரில் பாதிப் பேர் அசைவத்தை விட்டுவிடுவார்கள், அப்போது பிரியாணிக் கடைகளில் ஒன்று வாங்கினால் ஒன்று என்கிற மாதிரி போர்டு தொங்கும். அசைவம் சாப்பிடுகிற வெளியூர்க்காரருக்கு அந்த மாதம் கொண்டாட்டம், மெஸ்ஸிலும் கூட்டம் குறைவு. அழகர் ஆற்றில் இறங்குகிற சமயத்தில் நேர்மாறு: ஆஃபரைத் தேடாதீர்கள், இடம் கிடைத்தாலே பெரிது. ஆனால் அப்போது தெருவுக்குத் தெரு பந்தலில் நீர்மோரும் பானகமும் சோறும் கொடுப்பார்கள், தயங்காமல் வாங்கிச் சாப்பிடலாம், கொடுக்கிறவர்கள் அதற்காகத்தான் நிற்கிறார்கள்.

திண்டுக்கல் பிரியாணிக்காக மதுரையில் ஒரு வேளையை ஒதுக்கலாமா என்று கேட்பார்கள். திண்டுக்கல்லில் 1957-ல் தொடங்கிய தலப்பாகட்டி பிரியாணிக் கடைக்கு இப்போது சென்னையிலேயே கிளைகள் இருக்கின்றன, ஆப்பில் ஆஃபரும் அடிக்கடி வரும், அதை ஊருக்குப் போய் வரவழைத்துக்கொள்ளலாம். திண்டுக்கல் வழியாகக் காரில் வருகிறீர்கள் என்றால் மட்டும் நிறுத்திச் சாப்பிடுங்கள், சீரகச் சம்பா அரிசி பிரியாணி அங்கே சூடாக இலையில் விழுவது தனிதான். அதேபோல ராஜபாளையம், குற்றாலம் பக்கம் போகிறவர்கள் ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்கலாம், 2019-ல் புவிசார் குறியீடு வாங்கியது. என்றைக்குக் கிண்டியது என்று கேட்டு வாங்குங்கள்.

திரும்பும்போது இரவு ரயில் என்றால் ரயில்வேயின் ஈ-கேட்டரிங்கில் பிஎன்ஆர் எண்ணைப் போட்டு இருக்கைக்கே வரவழைக்கலாம், அதிலும் கூப்பன் உண்டு. வண்டி மதுரையிலேயே கிளம்புகிறது என்றால் அது தேவையில்லை. ஏழு மணிக்கே சிம்மக்கல்லில் கறிதோசையை முடித்துவிட்டு, விடிகாலைப் பசிக்கு நல்லெண்ணெய் தடவிய பொடி இட்லி நாலைந்து வாழை இலையில் கட்டி வாங்கிக்கொள்ளுங்கள். சட்னி வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், விடிவதற்குள் ஊசிப்போகும்.