படத்தின் மேல் பெயர் எழுத: கிம்ப்பா, இங்க்ஸ்கேப்பா?

பழைய கல்யாண குரூப் போட்டோவை ஸ்கேன் செய்து, யார் யார் என்று பெயர் எழுத வேண்டும். படத்தின் மேலேயே எழுதிவிட்டால், பெரியம்மா வந்து “அது நானில்லை” என்றதும் தொலைந்தோம். அதனால் பெயர்களுக்குத் தனி லேயர், அதாவது படத்தின் மேல் கண்ணாடித் தாள் போல வைக்கும் ஓர் அடுக்கு. சரி, எதில்? போட்டோ திருத்தும் மென்பொருளான கிம்ப்பிலா, கோட்டுப்படம் வரையும் மென்பொருளான இங்க்ஸ்கேப்பிலா?

கிம்ப்பில் எழுத்து தனி லேயராக நிற்கும், பிறகும் திருத்தலாம். ஆனால் பிரஷ்ஷால் போட்ட கோடு வெறும் புள்ளிகள்தான். முகத்தைத் தவறாகச் சுட்டினால் அழித்து மறுபடி வரைய வேண்டும். கிம்ப்பின் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப் கோப்பாகச் சேமித்தால்தான் லேயர்கள் தங்கும். ஜேபெக்காக ஏற்றுமதி செய்தால் எல்லாம் ஒன்றாக ஒட்டிப்போகும்.

இங்க்ஸ்கேப்பில் கோடு ஒரு பொருள். நுனியைப் பிடித்து இழுத்தால் போதும், அம்புக்குறி கூடவே வரும். போட்டோ லேயரைப் பூட்டிவிட்டால் கை தவறி நகராது. இங்க்ஸ்கேப் சேமிக்கும் எஸ்விஜி கோப்பு உள்ளே வெறும் உரைதான் என்பதால், எழுத்தைப் பாதையாக (வெறும் வடிவக் கோடாக) மாற்றாதவரை பெயரைத் தேடவும் முடியும். ஒரு தொல்லை: படத்தைக் கோப்புக்குள்ளேயே உட்பொதிக்காமல் இணைப்பாக மட்டும் வைத்து, படத்தை மட்டும் வேறு ஃபோல்டருக்கு மாற்றினால் படம் காணாமல் போகும், பெயர்கள் மட்டும் அந்தரத்தில் தொங்கும்.

போட்டோவில் கறை நீக்கவோ நிறம் தேற்றவோ கிம்ப்தான். பெயருக்கும் அம்புக்கும் என் ஓட்டு இங்க்ஸ்கேப்புக்கு.

அப்புறம், எதையாவது கறுப்புக் கட்டம் போட்டு மறைத்திருந்தால் லேயர் கோப்பை யாருக்கும் அனுப்பாதீர்கள். கட்டத்தை நகர்த்தினால் அடியில் இருப்பது தெரிந்துவிடும். லேயர் இல்லாத பிஎன்ஜி படமாக ஏற்றுமதி செய்து அனுப்புங்கள்.