தோல் போட்ட தஃப்தர்: வேலூர் லாங்கு பஜார் அருகே ஒரு பைண்டிங் கடை

வீட்டு வரவுசெலவு எழுதுவதற்காக, வேலூர் லாங்கு பஜாரை ஒட்டிய சந்தில் உள்ள சிறிய பைண்டிங் கடையில் சென்ற மாதம் இரண்டு குயர் லாங் சைஸ் நோட்டு ஒன்றைச் செய்யக் கொடுத்தேன். "வெறும் அட்டையா, தோல் போட்ட தஃப்தரா?" என்று கேட்டார் கடைப் பெரியவர். வீட்டில் உருது பேசுபவர். கனமான பதிவேடு என்றாலே அவருக்கு அது தஃப்தர்தான்.

அந்தச் சொல் பிறந்ததே தோலில்தான். பண்டைக் கிரேக்கத்தில் 'திஃப்தெரா' என்றால் பதப்படுத்திய தோல். முற்காலத்தில் ஆட்டுத்தோலில் எழுதிப் பழகியதால், அயோனியக் கிரேக்கர்கள் கோரைத்தண்டில் செய்த பப்பைரஸ் ஏடுகளையும் தோல் என்றே சொல்லிவந்தார்கள் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். அச்சொல் பாரசீகத்திலும் அரபியிலும் 'தஃப்தர்' ஆகி, துருக்கிக்குப் போய் 'தெஃப்தெர்' ஆனபின், கிரேக்கர்களே தங்கள் பழஞ்சொல்லைத் துருக்கியரிடமிருந்து கணக்குப் புத்தகம் என்ற பொருளில் 'தெஃப்தேரி' என்று திரும்ப வாங்கிக்கொண்டார்கள். ஸ்வாஹிலியில் 'தஃப்தாரி' நோட்டுப் புத்தகம், மலாயில் அது பட்டியல், இந்தியில் அலுவலகம், மராத்தியில் பிள்ளைகளின் புத்தகப்பை. ஆற்காட்டு நவாபுகளின் பாரசீக நிர்வாகம் விட்டுச்சென்ற ஜமாபந்தியும் தாசில்தாரும் இன்றும் நம் வாயில் புழங்கினாலும், எழுதும் புத்தகத்துக்கு நாம் ஆங்கிலத்திலிருந்து 'நோட்டு' என்பதையும், இலங்கைத் தமிழர் 'கொப்பி' என்பதையும் எடுத்துக்கொண்டோம்.

நான் தோல் போட்டதையே கேட்டேன். பேரணாம்பட்டிலிருந்து வரும் ஆட்டுத்தோலை முதுகுக்கும் நான்கு மூலைகளுக்கும் ஒட்டி, நடுவில் சிவப்புத் துணி போர்த்தியிருக்கிறார். பிரித்து வைத்தால் எந்தப் பக்கத்திலும் மடங்காமல் மேசைமேல் படிந்து கிடக்கிறது; நூல் தையலின் அருமை அதுதான், கம்பி அடித்த நோட்டில் இது வராது. தோலின் மணம் இன்னும் போகவில்லை, அது எனக்குப் பிடித்தும் இருக்கிறது.

குறைகளும் உண்டு. மூன்று நாள் என்று சொன்ன வேலை எட்டு நாள் ஆயிற்று. பசை அதிகமாகி முதல் தாள் அட்டையோடு ஒட்டிக்கொண்டது. பிரிக்கும்போது ஓரம் கிழிந்தது. மைப்பேனாவால் எழுதினால் மறுபக்கம் ஊறுகிறது, பால்பாயிண்டுக்குச் சிக்கல் இல்லை. விலை 380 ரூபாய். கையால் செய்த வேலைக்கு இது நியாயமே.

அடுத்ததற்குத் தடித்த தாள் போடச் சொல்லி முன்பணம் கொடுத்துவிட்டேன்.