சோலார் செயலியின் ‘நாளைய உற்பத்தி’: காலையில் கெட்டி, பின்னேரம் சறுக்கல்

கூரையில் பனல் பூட்டித் தந்த கம்பெனியின் செயலியில் இப்போது ‘நாளைய உற்பத்தி’ என்று ஒரு பகுதி வந்திருக்கிறது. செய்மதிப் படங்களையும் வானிலைக் கணிப்பையும் மெஷின் லேர்னிங்கில் போட்டு, மணிக்கு மணி எத்தனை யூனிட் வரும் என்று சொல்கிறது. வெள்ளவத்தையில் பாவித்துப் பார்த்த அளவில் காலைக்கு நம்பலாம், வொஷிங் மெஷினை எப்போது போடுவது என்று அதைப் பார்த்தே முடிவெடுக்கிறோம்.

பின்னேரம்தான் பிரச்சினை, அதுவும் ஏப்ரலில். சூரியன் உச்சிக்கு மேல் நிற்கும், வெயில் ஏற ஏற முகில் கட்டி இரண்டு மூன்று மணிக்கு இடியோடு கொட்டும். இந்த முகில் எங்கிருந்தோ நகர்ந்து வருவதில்லை, பெரும்பாலும் பக்கத்திலேயே முளைக்கிறது, அதனால் முகிலின் போக்கைப் பார்த்துக் கணிக்கிற முறைக்குப் பிடிபடாது. போதாக்குறைக்கு இவர்கள் எடுப்பது ஹிமவாரி என்ற ஜப்பானிய வானிலைச் செய்மதியின் படங்களை. அது நிற்பது 140.7 பாகை கிழக்கு நெடுங்கோட்டில், கொழும்பு 80க்குக் கிட்ட. அவ்வளவு சரிவாகப் பார்த்தால் உயரமான முகில் இடம் மாறித்தான் தெரியும். ஒருநாள் செயலியில் கோடு வடிவாக மேலே நிற்க, இன்வேட்டர் காட்டிய உண்மையான உற்பத்தி சில நிமிடங்களுக்குள் கால்வாசிக்கு விழுந்தது. அதற்குச் சற்று முன் முகில் விளிம்பில் சிதறிய ஒளியும் சேர்ந்து, வெறும் வெயிலில் வருவதைவிடக் கூடக் காட்டியது வேறு கதை.

‘95 வீதம் துல்லியம்’ என்கிறார்கள். எதோடு ஒப்பிட்டு? வரண்ட பெப்ரவரியில் ‘நேற்றுப் போலத்தான் இன்றும்’ என்று நானே சொல்லிவிடுவேன்.

எனக்குப் பெரிய குறை, ‘18 யூனிட்’ என்று ஒற்றை எண் தருவது. 13 முதல் 20 வரை என்றால்தானே பற்றரியில் எவ்வளவு மிச்சம் வைப்பது என்று யோசிக்கலாம்? நாட்டின் மின் விநியோகத்தை நடத்துபவர்களுக்கும் வேண்டியது இதுதான். 2025 பெப்ரவரி 9 ஞாயிறு நாடே இருண்டபோது, பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு சிக்கியதோடு சேர்த்து, பாவனை குறைந்த நேரத்தில் சோலார் கூடி இருந்ததும் பேசப்பட்டது. அந்த ஆண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரை சோலாரைப் பின்னேரம் 3 மணிவரை நிறுத்தி வைக்கச் சொல்லி மின்சார சபை கேட்டது. பல கூரைகளைக் கூட்டினால் சிறு முகில்களின் பிழை ஒன்றையொன்று ஈடுசெய்யும், ஆனால் கொழும்பு முழுக்க ஒரே இடிமழை என்றால் எல்லாம் சேர்ந்தே விழும். அப்போது நீர்மின்னை எவ்வளவு தயாராக வைப்பது என்பதற்கு ஒற்றை எண் போதாது.

5க்கு 3 கொடுக்கிறேன். இலவசப் பதிப்பை வைத்திருங்கள், மாதக் காசு கேட்கிற பதிப்பிலும் அதே ஒற்றை எண்தான், இப்போதைக்கு அதற்குக் கட்டாதீர்கள்.