ஆசிரியர் டிப்ளோமாவுக்கு "60% புலமைப்பரிசில்" என்றால் காசு கட்ட முதல் இதை வாசியுங்கள்

உயர்தரப் பெறுபேறு வந்ததும் பிள்ளையை ஆசிரியத் துறைக்கு விடலாம் என்று யோசிக்கிற கொழும்பு வீடுகளுக்காக எழுதுகிறேன். எங்கள் வீட்டில் 110,000 ரூபா போனது. அதைவிட எனக்கு வலிக்கிறது, வீணாய்ப் போன ஒரு வருடம்.

நாங்கள் கொட்டாஞ்சேனை. ஆரம்பப் பிரிவில் படிப்பிக்க வேண்டும் என்பது என் சின்ன வயது ஆசை. உயர்தரத்தில் மூன்று பாடமும் சித்தி. அந்த நேரம்தான் பேஸ்புக்கில் ஒரு தனியார் நிறுவனத்தின் ஆசிரியர் டிப்ளோமாவுக்கு "60% புலமைப்பரிசில்" என்று விளம்பரம் வந்தது. வெள்ளவத்தையில், காலி வீதியோரம் ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடி. அம்மாவும் நானும் போனோம். முழுக் கட்டணம் 275,000. புலமைப்பரிசில் கழித்து 110,000 என்றார்கள்.

அரசு ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் தேசிய கல்வியியற் கல்லூரிக்கு விண்ணப்பிக்க யோசிப்பதாகச் சொன்னேன். அங்கிருந்த அக்கா அம்மாவைப் பார்த்துத்தான் பதில் சொன்னார்: "அன்ரி, அதுக்குப் போட்டி கூட. கிடைச்சாலும் பத்தனைக்கோ வவுனியாவுக்கோ அனுப்பிப்போட்டு நீங்கள் நிம்மதியா இருப்பீங்களா? இங்க வீட்டிலிருந்தே வந்து போகலாம். முடிச்சால் அரச நியமனம்தான்." அம்மாவின் பயம் எது என்று அவருக்குச் சரியாகத் தெரிந்திருந்தது. அடுத்த நாளே அம்மா சங்கிலியை அடகு வைத்தார்.

பற்றுச்சீட்டில் புலமைப்பரிசில் என்ற சொல்லே இல்லை. "பாடக் கட்டணம் 110,000, மீளளிக்கப்படமாட்டாது" என்று மட்டும் இருந்தது. வகுப்பில் இருபத்திரண்டு பேர். கதைத்துப் பார்த்தால் அத்தனை பேருக்கும் அதே 60%. 275,000 கட்டிய ஒருவரைக்கூட நான் காணவில்லை. அதற்குள் கல்வியியற் கல்லூரி விண்ணப்பத்தின் முடிவுத் திகதியும் போய்விட்டது. அதை நினைத்து நான் அழுத இரவுகள் அதிகம்.

படிப்பு முடிந்து கிடைத்த சான்றிதழோடு கல்வி அமைச்சு இருக்கும் பத்தரமுல்லை இசுருபாயவுக்குப் போனேன். அங்கிருந்த உத்தியோகத்தர் பொறுமையாகவே விளங்கப்படுத்தினார். இலங்கை ஆசிரியர் சேவையில் யாரைச் சேர்க்கலாம் என்பதை 2014 ஆம் ஆண்டின் சேவைப் பிரமாணக் குறிப்பு சொல்கிறது. கல்வியியற் கல்லூரியின் தேசிய கற்பித்தல் டிப்ளோமாவும், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்ற பட்டமும்தான் பிரதான வழிகள். என் கையிலிருந்த தாளுக்கு அங்கே இடமில்லை. வெள்ளவத்தை நிறுவனத்தின் சுவரில் கண்ணாடிச் சட்டகத்தில் மாட்டியிருந்தது நிறுவனப் பதிவுச் சான்றிதழ் மட்டும்தான். கம்பனியைப் பதிவது வேறு, கற்கைநெறியை அரசு ஏற்பது வேறு என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

நான் தவறவிட்ட வழியில் கற்கைக் கட்டணமே கிடையாது. மூன்று வருடப் பயிற்சி. முதல் இரண்டு வருடம் விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும், மூன்றாம் வருடம் பாடசாலையில் கட்டுறுபயிற்சி. பயிலுநருக்கு மாதாந்தக் கொடுப்பனவும் உண்டு. அரசு காசு தந்து படிப்பிக்கிற இடத்தை விட்டு, நாங்கள் நகையை அடகு வைத்துக் காசு கொடுத்திருக்கிறோம். தமிழ் மொழியில் படிக்கக் கோப்பாய், வவுனியா, மட்டக்களப்பு, அட்டாளைச்சேனை, பத்தனை என்று கல்லூரிகள் இருக்கின்றன. தூரம்தான், ஆனால் விடுதி இருக்கிறது. தெரிவு உயர்தர இசட் புள்ளியையும் நேர்முகத் தேர்வையும் பார்த்து நடக்கும். வயதெல்லையும் உண்டு, அதனால் ஒரு வருடத்தை இழப்பது சின்ன விஷயமில்லை. அறிவித்தல் வர்த்தமானியிலும் கல்வி அமைச்சின் இணையத்தளத்திலும் வரும். சந்தேகம் இருந்தால் 1919க்கு அழைத்துத் தமிழிலேயே கேட்கலாம்.

இப்படியான டிப்ளோமா எல்லாமே குப்பை என்று சொல்லவில்லை. முன்பள்ளியிலோ தனியார் பாடசாலையிலோ வேலை தேடுபவருக்கு உதவலாம். அதை அப்படியே சொல்லி விற்றிருந்தால் நான் ஒன்றும் எழுதியிருக்க மாட்டேன். அரச நியமனம் என்று வாயால் சொல்லி எழுத்தில் தராததுதான் ஏமாற்று. காசு கட்ட முதல் "இந்தச் சான்றிதழ் ஆசிரியர் சேவைக்கு ஏற்கப்படும்" என்று கடிதத் தலைப்பில் எழுதித் தரக் கேளுங்கள். பிறகு நான் கேட்டபோது, மனேஜர் வெளியே போயிருக்கிறார் என்று மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்து முறைப்பாடு செய்திருக்கிறேன். காசு இன்னும் வரவில்லை. இந்த முறை கல்வியியற் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டாயிற்று. அம்மாவே கையெழுத்து வைத்துத் தந்தார். அதே இரண்டாம் மாடியில் காசு கட்டியவர்கள் இதை வாசித்தால் பற்றுச்சீட்டை எறிந்துவிடாமல் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். எங்கள் வகுப்பில் ஆறு பேர் ஏற்கனவே சேர்ந்திருக்கிறோம்.