செய்தி முன்னோட்டமும் தேதி வடிகட்டலும்: ஆறு ஆண்டுப் பயன்பாட்டில் கண்டவை

பிஎச்பி என்ற நிரல்மொழியிலும் மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தளத்திலும் இயங்கும் ஒரு சிறிய செய்தித் தளத்தை ஆறு ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். முகப்பில் ஒவ்வொரு தலைப்புக்கும் கீழே இரண்டு மூன்று வரிகளில் முன்னோட்டம் வர வேண்டும். பக்கவாட்டில், ஒரு தேதியிலிருந்து இன்னொரு தேதி வரையிலான பழைய செய்திகளைத் தேடி எடுக்கும் பெட்டி இருக்க வேண்டும். கேட்டவுடன் அரை நாள் வேலை என்று தோன்றியது. உண்மையில் அரை நாளில்தான் எழுதியும் முடித்தேன். அதைத் திருத்துவதில் போன நாள்களில் கற்றவற்றையே இங்கு எழுதுகிறேன்.

முதலில் முன்னோட்டம். செய்தியின் முதல் 200 பைட்டுகளை வெட்டி, பின்னால் மூன்று புள்ளி வைத்தேன். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் 3 பைட் எடுத்துக்கொள்கிறது, இடைவெளியோ 1 பைட். ஆகவே வெட்டு பெரும்பாலும் ஓர் எழுத்தின் நடுவில் விழுந்து, வரியின் முடிவில் கேள்விக்குறி போட்ட கறுப்புக் கட்டம் ஒன்று நின்றது. பைட்டுக்குப் பதிலாக எழுத்துக்குறிகளை எண்ணும் செயற்கூற்றுக்கு (மொழியிலேயே ஆயத்தமாக இருக்கும் கட்டளைக்கு) மாறினேன். கட்டம் மறைந்தது, பிழை மறையவில்லை. 'கூட்டம்' என்ற சொல்லில் க, ஊகாரக் குறி, ட, புள்ளி என்று வரிசையாகக் குறிகள் இருக்கின்றன. மூன்றாவது குறியோடு வெட்டினால் 'கூட' என்ற முற்றிலும் வேறான சொல் கிடைக்கும். பார்வைக்குப் பிழையாகவே தெரியாத பிழை என்பதால் இதைக் கண்டுபிடிக்கப் பல மாதங்கள் ஆயின. முழு எழுத்துகளாக எண்ணும் கிராஃபீம் செயற்கூறுகள் பிஎச்பியின் intl என்ற பன்மொழி நீட்சியில் இருக்கின்றன. ஆனால் சொல்லின் நடுவில் வெட்டுவதே தவறு என்று முடிவு செய்து, கடைசி இடைவெளி வரை பின்னால் வந்து நிறுத்தும்படி மாற்றினேன்.

பக்கத்தின் வடிவத்தைச் சொல்லும் எச்டிஎம்எல் குறிச்சொற்களும் தம் பங்குக்குத் தொல்லை கொடுத்தன. தடித்த எழுத்துக்கான குறிச்சொல் திறந்த நிலையில் வெட்டு விழுந்ததால், ஒரு நாள் முகப்பின் பாதிப் பக்கம் தடித்த எழுத்தில் வந்தது. வெட்டுவதற்கு முன்பே குறிச்சொற்களை நீக்க வேண்டும். நீக்கும்போது அந்த இடத்தில் ஓர் இடைவெளியும் விட வேண்டும், இல்லையென்றால் ஒரு பத்தியின் கடைசிச் சொல்லும் அடுத்த பத்தியின் முதற்சொல்லும் ஒட்டிக்கொள்ளும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு சிக்கல் மீந்தது. என் பார்வையில் அதுவே பெரியது. தமிழில் வினை கடைசியில் வருகிறது, மறுப்பும் அதனுடன் கடைசியில்தான் வருகிறது. 'தேர்வு தள்ளிவைக்கப்படும் என்று பரவும் தகவல் உண்மை இல்லை' என்ற வாக்கியத்தைக் கடைசிச் சொல்லுக்கு முன்னால், இலக்கணப்படி மிகச் சரியான ஓர் இடைவெளியில், என் நிரல் வெட்டியது. 'தகவல் உண்மை…' என்று முகப்பில் நின்றதை வாசித்தவர்கள் உள்ளே போய்ப் பார்க்கவில்லை. அன்றே சுருக்கத்துக்கெனத் தரவுத்தளத்தில் தனிப் புலம் (தகவலை வைக்கும் கட்டம்) ஒன்றைச் சேர்த்து, செய்தியைப் பதிவேற்றுபவரே தம் கையால் அதை நிரப்ப வேண்டும் என்று வைத்தேன். அது காலியாக இருந்தால் மட்டும், முதல் முற்றுப்புள்ளி வரையிலான வாக்கியத்தை நிரல் எடுத்துக்கொள்ளும், அது எவ்வளவு நீளமாக இருந்தாலும். முகப்புக்காக முழுச் செய்தியையும் தரவுத்தளத்திலிருந்து இழுக்க வேண்டிய தேவையும் இதனால் பெருமளவு குறைந்தது.

தேதிப் பக்கத்தில் தொடக்கத்திலேயே அடித்தளம் கோணலாகிவிட்டது. நாள்-மாதம்-ஆண்டு என்ற வரிசையில், உரைப் புலமாகத் தேதியைச் சேமித்திருந்தேன். உரையாக வரிசைப்படுத்தினால் 02-01-2020 என்பது 31-12-2019க்கு முன்னால் வந்து நிற்கும். தேதியையும் நேரத்தையும் சேர்த்து வைக்கும் டேட்டைம் புலம் ஒன்றைப் புதிதாக உருவாக்கி, பழைய மதிப்புகளை மாற்றி நிரப்பி, மாற்ற முடியாமல் வெறுமையாக நின்ற பதிவுகளை ஒவ்வொன்றாகக் கையால் திருத்தினேன்.

அடுத்து வந்தது, இரண்டு மதிப்புகளுக்கு இடைப்பட்டவற்றைக் கேட்கும் பிட்வீன். '2021-03-01' முதல் '2021-03-31' வரை என்று கேட்டால், முடிவுத் தேதியை மைஎஸ்கியூஎல் 31ஆம் தேதி நள்ளிரவு 00:00:00 என்று எடுத்துக்கொள்கிறது. அன்று காலையிலிருந்து வெளியான செய்தி ஒன்றுகூட வராது. மாதக் கடைசி நாளின் செய்திகள் மட்டும் காணாமல் போவதாக வாசகர் ஒருவர் சொன்னபோது நான் முதலில் நம்பவில்லை. பிறகு புலத்தை, நேரத்தை விட்டுத் தேதியை மட்டும் எடுக்கும் டேட் செயற்கூற்றுக்குள் போட்டு ஒப்பிட்டேன். விடை சரியாக வந்தது, வேகம் போயிற்று. தரவுத்தளம் எப்படித் தேடுகிறது என்று காட்டும் எக்ஸ்பிளைன் கட்டளையைப் போட்டுப் பார்த்தால், புலத்தின் மீது இருந்த இன்டெக்ஸை (விரைவாகத் தேட உதவும் அகரவரிசை போன்ற பட்டியலை) தொடாமல் முழு அட்டவணையையும் வரி வரியாகப் படித்துக்கொண்டிருந்தது. முடிவில் 23:59:59 சேர்ப்பது பலரும் செய்வதுதான், ஆனால் நொடியின் பின்னங்களையும் சேமிக்கும் புலமாக இருந்தால் அந்தக் கடைசி நொடி ஒழுகிவிடும். இப்போது நான் எழுதுவது ஒரே வடிவம்தான், தொடக்க நாள் முதல், முடிவு நாளுக்கு அடுத்த நாள் தொடங்கும் முன் வரை: தேதி >= '2021-03-01' மற்றும் தேதி < '2021-04-01'. மாதத்துக்கு 28 நாளா 31 நாளா என்று எண்ண வேண்டியதில்லை, இன்டெக்ஸும் வேலை செய்கிறது.

சர்வர் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடியதால், உள்ளூரில் நள்ளிரவு தாண்டி வெளியான செய்திகள் முந்தைய நாளின் கணக்கில் விழுந்தன. சேமிப்பதை யூடிசியிலேயே விட்டுவிட்டு, வாசகர் தரும் தொடக்கம், முடிவு ஆகிய இரண்டு எல்லைகளை மட்டும் யூடிசிக்கு மாற்றி, தரவுத்தளத்திடம் கேட்கும் வினவலில் வைக்கிறேன். புலத்தை மாற்றப் போனால் இன்டெக்ஸ் மறுபடியும் வீணாகும். மைஎஸ்கியூஎல்லின் இன்னொரு தேதி-நேர வகையான டைம்ஸ்டாம்ப் இந்த மாற்றத்தைத் தானே செய்துகொள்ளும் என்றாலும், 2038 ஜனவரி 19க்கு அப்பால் அதனால் போக முடியாது என்பதால் டேட்டைமிலேயே இருக்கிறேன்.

பக்கம் பக்கமாகக் காட்டுவதில் முதலில் இத்தனை பதிவுகளைத் தாண்டி அடுத்தவற்றை எடு என்று சொல்லும் ஆஃப்செட் முறையை இரண்டாம் ஆண்டில் கைவிட்டேன். வாசகர் முதல் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கும்போது புதிய செய்தி ஒன்று ஏறினால், முதல் பக்கத்தின் கடைசிச் செய்தி இரண்டாம் பக்கத்தின் உச்சியில் மறுபடியும் வந்து நின்றது. கடைசியாகக் காட்டிய பதிவின் தேதியையும் அடையாள எண்ணையும் வைத்து, அதற்கு முந்தையவற்றைக் கேட்பதே இப்போதைய வழி. ஒரே நொடியில் இரண்டு செய்திகள் வெளியாவதுண்டு என்பதால் தேதி மட்டும் போதாது.

தேதிப் பெட்டிக்கு உலாவியின் சொந்தத் தேதி உள்ளீடே போதுமானதாக இருக்கிறது. திரையில் எந்த வரிசையில் காட்டினாலும், சர்வருக்கு ஆண்டு-மாதம்-நாள் என்றே அனுப்புகிறது. தொடக்கத்தையும் முடிவையும் மாற்றிக் கொடுப்பவர்களுக்குப் பிழைச் செய்தி காட்டாமல், நானே இடம் மாற்றிக்கொள்கிறேன்.

இன்னும் தீராத ஒன்று, திருத்திய தேதி. 5ஆம் தேதி வெளியான செய்தியை 9ஆம் தேதி திருத்தினால், முன்னோட்டத்தின் கீழே 9 என்று காட்டிக்கொண்டிருந்தேன். 5 முதல் 6 வரை வடிகட்டியவர்களுக்கு அது வடிகட்டியின் பிழையாகத் தெரிந்தது. பட்டியலில் வெளியான தேதியை மட்டும் காட்டி, திருத்திய தேதியைச் செய்தியின் உள்ளே தள்ளியிருக்கிறேன். பதிவேற்றுபவர்களில் இருவருக்கு இது இன்றும் பிடிக்கவில்லை.