அம்மா எத்தனை முறை போன் பண்ணினார்? ஈசூன் வீட்டில் லினக்ஸ் மின்ட்

லினக்ஸ் மின்ட் 22.2 (விண்டோஸுக்குப் பதிலாகப் போட்டுக்கொள்ளும் இலவச இயங்குதளம்) எப்படி இருக்கிறது என்று எழுதச் சொல்லி, சிங்கப்பூர் தேக்கா கோப்பிக்கடையில் கூடும் நம் லினக்ஸ் ஆட்களில் இரண்டு பேர் நச்சரித்துக்கொண்டே இருந்தார்கள். சரி, எழுதிவிடுகிறேன். மெமரி எவ்வளவு தின்கிறது, எத்தனை நொடியில் எழுந்திருக்கிறது என்ற கணக்கெல்லாம் இதில் கிடையாது. நான் வைத்துக்கொண்ட அளவுகோல் ஒன்றுதான்: ஈசூனில் இருக்கும் என் அம்மா கம்ப்யூட்டர் விஷயமாக மாதத்துக்கு எத்தனை முறை என்னைக் கூப்பிடுகிறார். விண்டோஸ் 10 காலத்தில் வாரத்துக்கே இரண்டு மூன்று வரும். மின்ட் போட்ட முதல் மாதம் ஒன்பது (அதில் நான்கு என் தப்பு, சொல்கிறேன்). இப்போது ஆறு மாதம் ஆகிவிட்டது, போன மாதம் ஒன்றே ஒன்று.

முதலில் மெஷின் கதை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 இன்டெல் எட்டாம் தலைமுறைச் சிப்பிலிருந்துதான் முறைப்படி ஏற்கும். ஏழாம் தலைமுறையில் விரல் விட்டு எண்ணக்கூடிய சில சிப்களைத் தவிர மற்றவற்றுக்கு இடமில்லை. அதனால் நல்ல நிலையில் இருக்கிற லேப்டாப்பைக்கூட ஆளாளுக்குத் தள்ளிவிட ஆரம்பித்தார்கள். நம்மைப் போன்றவர்களுக்கு அது தீபாவளித் தள்ளுபடி மாதிரி. அம்மாவுக்காக நான் பிடித்தது 2017-ஆம் வருடத்துத் திங்க்பேட் டி470, எட்டு ஜிபி ராம், கேட்ட விலை 230 வெள்ளி.

வாங்கும்போது ஒரு மின்ட் யுஎஸ்பியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். காத்திப் எம்ஆர்டி ரயில் நிலைய வாசலில் பெஞ்சில் உட்கார்ந்து, விற்க வந்தவரிடம் "ஒரு அஞ்சு நிமிஷம் கொடுங்க" என்று கேட்டுக்கொண்டு, எழும்பும்போதே என்டரைத் தட்டி எஃப்12 அழுத்தி யுஎஸ்பியிலிருந்தே மின்டை ஓடவிட்டேன். டிஸ்க்கைத் தொடாமலே வைஃபை, ஸ்பீக்கர், கேமரா, கீபோர்டு எல்லாம் பார்த்துவிடலாம். கடைசியாக டெர்மினலில் யுபவர் கட்டளை. பேட்டரி ஒவ்வொன்றும் செய்யும்போது எவ்வளவு பிடித்தது, இப்போது முழுதாக ஏற்றினால் எவ்வளவு பிடிக்கிறது என்று இரண்டு எண்ணையும் அது பக்கத்துப் பக்கத்தில் காட்டும். டி470-இல் உள்ளே ஒரு பேட்டரி, பின்னால் கழற்றி மாட்டுகிற மாதிரி ஒன்று. பின்னால் இருந்தது 48 வாட்-மணி பிடிக்க வேண்டியது, 29-இல் நின்றது. "பேட்டரி புதுசு மாதிரிங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தவர் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார், 40 வெள்ளி குறைத்தார். இன்னொன்று, எஃப்1 அழுத்தி பயாஸுக்குள் (மெஷினின் அடிப்படை அமைப்புப் பக்கம்) போய்ப் பாருங்கள். ஆபீஸ்களிலிருந்து கழித்துவிட்ட மெஷின்களில் பழைய நிர்வாகியின் பாஸ்வேர்டு அப்படியே கிடக்கும், அது தெரியாமல் வாங்கினால் பிறகு தலைவலிதான்.

நிறுவுவது அரை மணி வேலை, அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. ஆனால் தரவிறக்கிய ஐஎஸ்ஓ என்ற நிறுவல் கோப்பு மாறாமல் வந்திருக்கிறதா என்று செக்சம் சரிபார்க்காமல் யுஎஸ்பியில் எழுதாதீர்கள். 2016 பிப்ரவரியில் மின்டின் இணையத்தளத்துக்குள் யாரோ புகுந்து, பின்வாசல் வைத்த ஐஎஸ்ஓவுக்கு இணைப்பை மாற்றிவிட்டார்கள். மின்ட் ஆட்களே அதை வெளிப்படையாகச் சொல்லி எச்சரித்தார்கள். ஒரு நிமிட வேலைக்குச் சோம்பல்படும் தம்பிகளுக்காகத்தான் இந்தப் பழைய கதை.

22.2-க்கு அடித்தளம் உபுண்டு 24.04 என்ற இன்னொரு லினக்ஸ், பாதுகாப்பு அப்டேட்டுகள் 2029 வரை வரும். எனக்கு இதுதான் பெரிய விஷயம். அம்மா வீட்டு மெஷினை ஆறு மாதத்துக்கு ஒரு முறை பிரித்து மேய எனக்கு நேரமில்லை. உபுண்டுவையே போட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். மின்ட் ஸ்நாப் என்ற உபுண்டுவின் செயலிப் பொதிமுறையைத் தானாக உள்ளே விடுவதில்லை, பயர்பாக்ஸ் சாதாரண டெப் பொதியாகவே வருகிறது. அப்புறம் மின்டின் சின்னமன் என்ற திரைத் தோற்றம்: கீழே பட்டை, இடது மூலையில் மெனு, வலது மூலையில் கடிகாரம். விண்டோஸில் இருபது வருடம் பழகிய கை அப்படியே போய் உட்கார்ந்துகொள்கிறது.

உட்கார்ந்திருக்கும், நான் சும்மா இருந்திருந்தால். முதல் வாரமே "அழகுபடுத்துகிறேன்" என்று பட்டையை மேலே தூக்கிவைத்து, ஐகான்களை மாற்றி, கறுப்புத் தீம் போட்டேன். "டேய், மணி எங்கடா போச்சு?" என்று முதல் போன். அந்த நான்கு அழைப்புகள் இவைதான். எல்லாவற்றையும் பழையபடி மாற்றினேன், நின்றுவிட்டது. பெரியவர்கள் மெஷினில் தீம் மாற்றுகிறவனைக் கட்டிவைத்து உதைக்க வேண்டும், என்னையும் சேர்த்துத்தான்.

பிரிண்டருக்கு நான் பயந்துகொண்டே போனேன். ஒரு காலத்தில் லினக்ஸில் பிரிண்டர் என்றாலே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலி. இப்போது வைஃபையில் இருக்கிற புதிய பிரிண்டர்களுக்கு டிரைவரே வேண்டியதில்லை, கப்ஸ் என்ற அச்சு மென்பொருள் தானே கண்டுபிடித்துப் பட்டியலில் வைத்துவிடுகிறது. அம்மா நான் தேநீர் குடித்து முடிப்பதற்குள் ஒரு பக்கம் அச்சடித்துவிட்டார். சிங்பாஸ் (அரசாங்கச் சேவைகளுக்குள் நுழையும் கணக்கு) பற்றி எல்லாரும் கேட்கிறார்கள், அது உலாவி வேலைதான். திரையில் வரும் கியூஆர் கட்டத்தைக் கைப்பேசிச் செயலியால் ஸ்கேன் செய்தால் உள்ளே போய்விடும், கீழே ஓடுவது லினக்ஸா விண்டோஸா என்று அதற்குக் கவலையில்லை. பூட்டுப் போட்ட வீடியோக்களுக்கு முதல் முறை பயர்பாக்ஸ் மேலே ஒரு பட்டை காட்டி டிஆர்எம்முக்கு (அந்தப் பூட்டுத்தான்) அனுமதி கேட்கும், ஒரு தடவை சரி சொன்னால் போதும். வாட்ஸ்அப்புக்கு லினக்ஸ் செயலி கிடையாது. மின்டில் வரும் வெப் ஆப்ஸ் என்ற சின்னக் கருவியில் வாட்ஸ்அப் வெப் முகவரியைக் கொடுத்தால் தனி ஐகானாக மெனுவில் வந்துவிடுகிறது. அம்மா அதைத்தான் "வாட்ஸ்அப்" என்கிறார், நானும் திருத்தவில்லை.

இப்போது என் மானம் போன கதை. மூன்றாவது மாதம், ஞாயிற்றுக்கிழமை, அடுப்பில் ஆட்டுக்கறி. வேண்டாத ஒரு பொதியை நீக்கலாம் என்று டெர்மினலைத் திறந்து கட்டளையை அடித்தேன். இதோடு இவையும் போகும் என்று ஒரு நீளமான பட்டியலை அது காட்டியது. படிக்காமல் ஒய் தட்டினேன். அந்தப் பட்டியலில் சின்னமனே இருந்திருக்கிறது. மறுபடி எழுப்பினால் கறுப்புத் திரையில் ஒரு கோடு மட்டும் மின்னுகிறது. கோப்பிக்கடையில் நாங்கள் எல்லாரும் அண்ணன் என்று கூப்பிடும் மூத்தவருக்குப் போன் போட்டேன்.

"டைம்ஷிப்ட் போட்டு வச்சியா தம்பி?"

"வச்சிருக்கேன்ணே."

"அப்ப ஏன் அழுவுற? கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அடிச்சு உள்ள போ."

டைம்ஷிப்ட் என்பது கணினியின் அன்றன்றைய நிலையைப் படிமமாக எடுத்து வைக்கும் கருவி. உள்ளே போய் அதை ரீஸ்டோர் என்று கூப்பிட்டால், நாள்வாரியாக எண் போட்டுப் பட்டியல் தருகிறது. வெள்ளிக்கிழமைப் படிமத்தின் எண்ணைக் கொடுத்தேன், எந்த டிஸ்க், கணினியை எழுப்பும் கிரப்பையும் மறுபடி போடவா என்று இரண்டு கேள்வி கேட்டது, பத்து நிமிடத்தில் எல்லாம் பழையபடி. கறி வேகும் முன்னாலேயே முடிந்துவிட்டது. அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. மின்டை நான் பரிந்துரைப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான். நிறுவியதும் வரும் வரவேற்புத் திரையிலேயே இதைச் செய்துகொள் என்று அது சொல்கிறது, நாம்தான் தட்டிவிட்டுப் போகிறோம். ஒன்று கவனியுங்கள்: டைம்ஷிப்ட் வழக்கமாக நம் சொந்தக் கோப்புகள் இருக்கும் ஹோம் அடைவைத் தொடாது. அதனால் திரும்பப் போகும்போது அம்மாவின் படங்கள் அப்படியே இருந்தன. அதே காரணத்தால் டிஸ்க் செத்தால் அந்தப் படங்களும் போகும். படங்களுக்குத் தனியாக வெளி டிஸ்க்கில் நகல் வேண்டும்.

சரி, குறைக்கு வருவோம். தமிழ் தட்டச்சு. கீபோர்டு அமைப்பில் தமிழ் என்று தேடினால் தமிழ்99 என்ற விசைப்பலகை இருக்கிறது, பக்கத்திலேயே தாப், திஸ்கி என்று யுனிகோடுக்கு முந்தைய, இன்று யாருமே புழங்காத எழுத்துக் குறிமுறைகளுக்கும் விசைப்பலகைகள் இருக்கின்றன. பார்த்தால் எவ்வளவு வசதி என்று தோன்றும். ஆனால் இவை ஒரு விசைக்கு ஓர் எழுத்து என்ற கணக்கில் ஓடுபவை, முன்னால் என்ன அடித்தோம் என்று இவற்றுக்கு நினைவிருக்காது. தமிழ்99-இன் சுகமே அந்த நினைவில்தான் இருக்கிறது. அம்மா என்று அடிக்க ஏ, கே, கே, க்யூ என்று நாலே தட்டு, இரண்டாவது ம வந்ததும் முதல் ம-வுக்குப் புள்ளி தானாக விழ வேண்டும். அதற்கு ஐபஸ் என்ற தட்டச்சுக் கருவியும் அதோடு எம்17என் பொதியும் தனியாகப் போட்டு, உள்ளீட்டு முறையில் ஐபஸ்ஸைத் தேர்ந்து, வெளியேறி மறுபடி நுழைந்து, ஐபஸ் அமைப்பில் தமிழ்99-ஐச் சேர்க்க வேண்டும். நமக்கு ஐந்து நிமிடம். தானாகப் போட்டுக்கொள்ள நினைக்கும் ஒரு தமிழாசிரியருக்கு இது கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி.

இதில் எனக்கு ஒரு பழைய ஆதங்கமும் உண்டு. மொழி, வட்டாரம் அமைக்கும் இடத்தில் ஆங்கிலம்-சிங்கப்பூர் இருக்கிறது, சீனம்-சிங்கப்பூர் இருக்கிறது. தமிழ் என்றால் இந்தியா, இலங்கை இரண்டுதான். மின்டைச் சொல்லிக் குற்றமில்லை, அடியில் இருக்கும் ஜிலிப்சி என்ற அடிப்படை நிரலகத்திலேயே தமிழ்-சிங்கப்பூர் கிடையாது (மலாய்க்கும் அதே கதிதான்). தமிழ்-இந்தியாவைத் தேர்ந்தால் பணக்குறி ரூபாய் ஆகிவிடும். நா. கோவிந்தசாமி கணியன் என்ற தமிழ் மென்பொருளைச் செய்த ஊர், 1997-இல் தமிழ் இணையத்துக்கென்று மாநாடு நடத்திய ஊர், தமிழ் ஆட்சிமொழியாக இருக்கும் ஊர். யாராவது உட்கார்ந்து எழுதி அனுப்ப வேண்டியதுதான், யாராவது என்றால் நாம்தான். இப்போதைக்கு வட்டாரம் ஆங்கிலம்-சிங்கப்பூர், தட்டச்சு மட்டும் தமிழ் என்று வைத்திருக்கிறேன். மெனுக்களைத் தமிழாக்கிப் பார்த்தேன், பாதி தமிழ், பாதி ஆங்கிலம், அம்மாவே வேண்டாம் என்றுவிட்டார்.

ஆனால் தமிழ் விஷயத்தில் நான் எதிர்பார்க்காத ஒன்றும் நடந்தது. அப்பா 2000, 2001 வாக்கில் ஊருக்கு அனுப்பிய கடிதங்களை டெக்ஸ்ட் கோப்புகளாக ஒரு சிடியில் வைத்திருந்தார். திறந்தால் கொம்பும் வாலும் முளைத்த ரோமன் எழுத்துகளாகத் தெரியும், விண்டோஸில் அதற்கான எழுத்துரு தொலைந்து பல வருடம். எல்லாம் திஸ்கி. லினக்ஸில் ஐகான்வ் என்றொரு பழைய கட்டளை, குறிமுறை மாற்றுவதற்கென்றே இருப்பது, அதன் பட்டியலில் திஸ்கியும் இருக்கிறது. எதுவும் புதிதாகப் போட வேண்டியதில்லை. 37 கோப்புகளை ஒரு வரியில் யுனிகோடுக்கு மாற்றினேன். இரண்டு மட்டும் மறுபடி குப்பையாக வந்தன. அவை தாப் குறிமுறை, ஓப்பன்-தமிழ் என்ற பைதான் தொகுப்பில் அதற்கு மாற்றி இருந்தது. முதல் கடிதம் வீட்டில் குளியலறைக் குழாய் ஒழுகுவதைப் பற்றி. அம்மா முழுதும் படித்துவிட்டு, "அந்தக் குழாயை இவர் சரி பண்ணவே இல்லை" என்றார்.

மற்றது சுருக்கமாக. லேப்டாப் எந்நேரமும் மின்சாரத்திலேயே இருப்பதால் டிஎல்பி என்ற மின்சிக்கனக் கருவியைப் போட்டு எண்பது சதவீதத்தோடு சார்ஜ் நிற்கும்படி வைத்தேன். திங்க்பேடில் இது நன்றாக வேலை செய்யும், ஆனால் அமைப்புக் கோப்பைக் கையால் திருத்த வேண்டும். கைரேகைப் பட்டையை விட்டுவிட்டேன், இந்த மாடலில் இருப்பது வழக்கமான லினக்ஸ் டிரைவருக்கு அடங்காதது. திரையை வரையும் புதிய முறையான வேய்லாண்டு சின்னமனில் இன்னும் சோதனை நிலையில்தான், தொடாதீர்கள். புத்தம் புது லேப்டாப் வைத்திருப்பவர்கள் பெடோரா என்ற இன்னொரு லினக்ஸ் பக்கம் போவது நல்லது, மின்டின் கெர்னல் (வன்பொருளை இயக்கும் உள்கரு) எப்போதும் ஒரு படி பின்னால்தான் வரும். ஃபோட்டோஷாப், கேம் என்று இருப்பவர்கள் இந்த விமர்சனத்தைப் படித்திருக்கவே வேண்டியதில்லை.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். குறைத்த ஒன்று தமிழ் தட்டச்சுக்கு.

போன மாதத்து அந்த ஒரு அழைப்பு என்ன என்றால், அம்மா கோயில் சங்கத்துக்கு ஒரு கடிதம் தட்டிக்கொண்டிருந்திருக்கிறார். "தம்பி, இதில் ழ எங்கடா இருக்கு?" வலது ஷிப்டுக்குப் பக்கத்தில், கேள்விக்குறி இருக்கிற விசை என்றேன். "ஆங், கிடைச்சுது" என்று வைத்துவிட்டார்.